ஞானாம்பாளின் தங்கைகள் எங்கே?



நூலகப் பாடவேளை ஒன்றில் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி என் மேசையருகே வந்து நின்றாள். ஞாயிறுதோறும் தமிழ் வழிபாட்டிற்குச் செல்லும் கிறிஸ்துவக் குடும்பத்துப் பிள்ளை. கையில் ஓர் ஆங்கிலப் புதினம் இருந்தது. அமெரிக்காவில் கிறிஸ்துவப் பதிப்பகங்கள் வெளியிடும் நகைச்சுவைத் துப்பறியும் கதைகளுள் ஒன்று அது.

"டீச்சர், இந்தக் கதையில வர்ற அக்கா எங்க சித்தி மாதிரியே இருக்காங்க. சர்ச்சுல பாடுறாங்க, குழம்புல உப்புப் போட மறந்துடுறாங்க, ஆனா திருடன மட்டும் சரியா கண்டுபிடிச்சிடுறாங்க. தமிழ்ல இந்த மாதிரி ஒரு கதை இருந்தா கொடுங்க டீச்சர்" என்றாள்.

அலமாரியை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். நீதிக் கதைகள், தலைவர்களின் வரலாறு, பயிற்சி நூல்கள். அவள் கேட்டது ஒன்றுகூட இல்லை. "அடுத்த வாரம் தேடித் தருகிறேன்" என்றேன். அவள் ஆங்கில நூலையே எடுத்துக்கொண்டு போனாள். தமிழில் படிக்க வேண்டும் என்று தானாகவே வந்து கேட்ட பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பிய குற்ற உணர்வு பல நாள் என்னை விட்டு அகலவில்லை. அதன் பொருட்டுத் தேடியவற்றையே இங்கு எழுதுகிறேன்.

தோட்டத்து லயத்தில் ஒரு வாசகி

தேடல் முதலில் என் அம்மாவிடமே கொண்டுபோய் நிறுத்தியது. ராசாவை அடுத்த ரப்பர்த் தோட்டத்தில் அவர் பால்மரம் சீவியவர். விடியுமுன் நிரைக்குச் சென்று, வேலை முடிந்து திரும்பி, சமைத்து முடித்தபின் மாலையில் லயத்து வாசலில் அமர்வார். தமிழ்நாட்டிலிருந்து வந்த பழைய துப்பறியும் நாவல்கள் கைமாறிக் கைமாறி எங்கள் லயத்தையும் வந்தடையும். படிக்கத் தெரியாத பெண்கள் சுற்றி அமர, அம்மா உரக்கப் படிப்பார். அப்பாவுக்கு இது பிடிக்காது. "பொம்பளைங்க நாவல் படிச்சா குடும்பம் உருப்படுமா?" என்பார். ஆகவே நாவல்கள் அரிசித் தகரத்துக்குள் வாழ்ந்தன.

ஒருமுறை கிடைத்த நூலில் கடைசிப் பக்கங்கள் கிழிந்து போயிருந்தன. கொலையாளி யார் என்று தெரியவில்லை. ஒரு வாரம் தோட்டமே அதைப் பற்றிப் பேசியது. நிரையில் மரம் சீவும்போதும், தண்ணீர்க் குழாயடியிலும், அவரவர் தத்தம் முடிவைச் சொல்லிக் காரணமும் காட்டினர். எழுத்தறியாத பாட்டி ஒருவர், "அந்தக் கணக்குப்பிள்ளைதான். அவன் மட்டும்தான் யாரும் கேக்காமலே பதில் சொன்னான்" என்றார். அவர் சொன்னது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் சான்று தேடிச் சிந்திக்கும் முறையை நான் முதன்முதலில் கற்றது அந்த வாசலில்தான்.

1879ஆம் ஆண்டின் நாயகி

மாணவி கேட்டதில் மூன்று கூறுகள் இருந்தன: நகைச்சுவை, கிறிஸ்துவச் சூழல், நம் வீட்டுப் பெண்ணைப் போன்ற மதிநுட்பமுள்ள நாயகி. இம்மூன்றுக்கும் அருகில் வரும் நூல், வியப்பூட்டும் வகையில், தமிழின் முதல் புதினமாகவே இருக்கிறது.

'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. எழுதியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826-1889). திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்த கத்தோலிக்கர். மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றியவர். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தந்தவர். 'பெண்மதி மாலை' பாடிப் பெண்கல்விக்காக வாதிட்டவர். சர்வசமய சமரசக் கீர்த்தனைகளும் இயற்றியவர். தம் சமயத்தை ஆழ்ந்து நேசித்தும் பிற சமயத்தாரை விலக்காத உள்ளம் அவருடையது. ஆகவேதான் அவருடைய புதினத்தின் மாந்தர் இந்துக் குடும்பத்தினராய் இருப்பது நமக்கு முரணாகத் தோன்றுவதில்லை.

அதன் நாயகி ஞானாம்பாள். கதையைச் சொல்பவன் கணவன் பிரதாபன். அவனோ எளிதில் ஏமாறுபவன். தன் மடமையைத் தானே சிரித்துக்கொண்டு சொல்பவன். சிக்கல்களை அவிழ்ப்பவள் மனைவி. பிரிந்துபோன கணவனைத் தேடி ஆண் வேடத்தில் புறப்படுகிறாள். விக்கிரமபுரியில் அரச பதவியும் அடைகிறாள். பிரதாபன் அங்கே சிறையில் கிடக்கிறான். அவன் செய்த குற்றந்தான் என்ன? செருப்புத் தைத்தவனுக்குக் கூலியாகச் 'சந்தோஷம்' தருவதாக ஒப்புக்கொண்டான். எவ்வளவு கொடுத்தாலும் "எனக்குச் சந்தோஷம் இல்லை" என்று அவன் சாதித்துவிட்டான். அரசராய் அமர்ந்த ஞானாம்பாள், தான் பட்டத்துக்கு வந்ததில் அவனுக்குச் சந்தோஷமா என்று வினவுகிறாள். இல்லையென்று எவன் சொல்வான்? சந்தோஷம் கிடைத்துவிட்டதால் கூலியும் தீர்ந்தது, வழக்கும் தீர்ந்தது.

எதிராளியின் சொல்லைக் கொண்டே அவனை மடக்கும் இந்த முறை, நீதிமன்றத்தில் நாள்தோறும் சாட்சிகளைக் கேட்டவருக்கே வாய்க்கும். ஞானாம்பாள் துப்பறிவாளர் என்று அழைக்கப்படவில்லை. அச்சொல் அன்று கதையுலகில் புழக்கத்திற்கு வரவில்லை. ஆயினும் செயலால் அவள் அவ்வினத்தைச் சேர்ந்தவளே.

பிரிந்துபோன மூன்று இழைகள்

அதன்பின் நிகழ்ந்ததுதான் வருத்தத்திற்குரியது. ஞானாம்பாளிடம் ஒன்றாயிருந்த இழைகள் தனித்தனியே பிரிந்தன.

மர்மம் ஆண்களிடம் சென்றது. 1894இல் பண்டித ச.ம. நடேச சாஸ்திரி, தானவன் என்னும் போலீஸ் நிபுணனைப் படைத்தார். 1908இல் ஜே.ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' வெளிவந்தது. நூலின் பெயர் பெண்ணுடையது, துப்பறிபவரோ கோவிந்தன். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா'விலும் பெண்ணே துன்பங்களின் நடுவில் நிற்கிறாள். இக்கதைகள் பெரும் புகழ் பெற்றன. 'இராஜாம்பாள்', 'மேனகா' இரண்டும் 1935இல் திரைப்படங்களாயின. ஆனால் ஞானாம்பாள் கணவனை மீட்டாள். இவற்றில் பெண்ணைப் பிறர் மீட்க வேண்டியதாயிற்று.

நகைச்சுவை இழை தேவனின் (1913-1957) கைக்கு வந்தது. 1942இல் ஆனந்த விகடனில் அறிமுகமான துப்பறியும் சாம்பு, அறிவால் அன்றித் தற்செயலால் குற்றவாளியைப் பிடிப்பவர். வங்கிக் குமாஸ்தாவாக இருந்து துப்பறிவாளரான அவரிடம் நம் பக்கத்து வீட்டுக்காரரைக் காண்கிறோம். நம்மைப் போன்ற ஒருவர் என்னும் உணர்வு வந்துவிட்டது. ஆனால் அங்கும் நாயகர் ஆணே.

கிறிஸ்துவப் பெண் எழுத்தோ வேறு வழியில் சென்றது. 1914இல் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த மங்களநாயகம் தம்பையா 'நொறுங்குண்ட இருதயம்' என்னும் புதினத்தை வெளியிட்டார். ஈழத்துப் பெண்களின் புதின முயற்சிகளில் முன்னோடி அது. தலைப்பே விவிலியத்தின் சங்கீதத்தை நினைவூட்டும். அதில் ஒழுக்கமும் கண்ணீரும் உண்டு. மர்மத்துக்கும் சிரிப்புக்கும் அது இடமன்று.

இங்கே வை.மு. கோதைநாயகி அம்மாளையும் (1901-1960) நினைக்க வேண்டும். தமக்கு எழுதத் தெரியாத நிலையில் தாம் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுத, தம் முதல் நூலாகிய 'இந்திர மோகனா' நாடகத்தைப் படைத்தவர். 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தி 115 நாவல்கள் எழுதியவர். சொல்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர். எங்கள் லயத்திலோ படிப்பவர் ஒருவர், கேட்பவர் பலர். பெண்களின் வாசிப்பு இவ்வாறு ஒருவர் கையை ஒருவர் பிடித்துத்தான் நடந்து வந்திருக்கிறது.

1980களின் மாத நாவல்களில் ராஜேஷ்குமாரின் விவேக்குடன் ரூபலாவும், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்துடன் சுசீலாவும், சுபாவின் நரேந்திரனுடன் வைஜயந்தியும் வந்தனர். துணிவும் குறும்பும் உள்ள பெண்கள். எனினும் 'உடன்' என்னும் சொல்லை அவர்களால் முழுமையாக விலக்க முடியவில்லை.

கடலுக்கு அப்பால்

இங்கிலாந்தில் இழைகள் இவ்வாறு பிரியவில்லை. 1910இல் செஸ்டர்டன் படைத்த பிரௌன் அருட்தந்தை, பாவசங்கீர்த்தனம் கேட்டுக் கேட்டே மனித மனத்தின் இருளை அறிந்தவர். 1927இல் அகதா கிறிஸ்டியின் சிறுகதையில் மிஸ் மார்ப்பிள் தோன்றினார். 1930இல் வந்த அவரது முதல் புதினத்தில் கொலை நடப்பதே பாதிரியார் இல்லத்தில். கதையைச் சொல்பவரும் அப்பாதிரியாரே. மார்ப்பிளோ பின்னலாடை பின்னும் மூதாட்டி. ஊர்க்கதையை உற்றுக் கேட்பதே அவருடைய ஆயுதம். என் மாணவி கையில் இருந்த நூல் இந்த மரபின் பேத்தி.

ஊர்க்கதையை உற்றுக் கேட்கும் மூதாட்டி நமக்குப் புதியவரா? கணக்குப்பிள்ளையைக் குற்றவாளி என்ற எங்கள் தோட்டத்துப் பாட்டி வேறு யார்? அவரை ஒருவரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவே.

வகுப்பில் ஒரு சோதனை

அடுத்த வாரம் அம்மாவின் வழியைப் பின்பற்றினேன். ஞானாம்பாளின் செருப்பு வழக்கை எளிய தமிழில் வகுப்பில் சொன்னேன். தீர்ப்புக்கு முன் நிறுத்திவிட்டேன். "நீங்கள் அரசராக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்றேன். வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் எழுந்தனர். ஒருவன், "அவனைக் கிச்சுக்கிச்சு மூட்டினால் சிரிப்பான், சந்தோஷம் வந்துவிடும்" என்றான். வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியபின் ஒருத்தி எழுந்து, சிரிப்பும் சந்தோஷமும் ஒன்றா என்று வாதிட்டாள். அன்று நான் கருத்துணர் பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் நடந்தது அதுவே.

ஆங்கில நூல் கேட்ட மாணவி அன்று ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்துப் பயிற்றேட்டில் மூன்று பக்கம் எழுதி வந்தாள். ராசாவில் ஒரு தேவாலயம். நன்றி வழிபாட்டுக்கு வைத்த பலாப்பழம் காணாமற்போகிறது. பாடகர் குழுவில் உள்ள ஒரு சித்தி வாசனையைப் பின்தொடர்ந்து செல்கிறார். கடைசிப் பக்கம் இல்லை. "எங்கே?" என்றேன். "நீங்க கண்டுபிடிங்க டீச்சர்" என்றாள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கதைப்புத்தகம் கையிலெடுத்தால், பாடம் கெடுகிறது என்று பிடுங்காதீர்கள். நூல்களை மீண்டும் அரிசித் தகரத்துக்குள் ஒளிய வைக்க வேண்டாம். ஆசிரிய நண்பர்களே, நம் நூலக அலமாரியில் நீதி நூல்களுக்கு அருகில் சிரிப்புக்கும் புதிருக்கும் ஒரு தட்டு ஒதுக்குங்கள். வேதநாயகம் பிள்ளை 'நீதிநூல்' எழுதிய கையால்தான் ஞானாம்பாளையும் எழுதினார். இரண்டும் பகையாக அவருக்குத் தோன்றவில்லை.

பலாப்பழத்தை எடுத்தவர் யார் என்று நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. பாடகர் குழுவின் ஆர்மோனியக்காரர் மீதுதான் எனக்கு ஐயம்.

அன்புடன்,
ராசாவிலிருந்து ஒரு தமிழாசிரியை