நாய்த் தெள்ளுக்கு மருந்து: கைவைத்தியமும் கடைமருந்தும் – ஒரு வரலாறு

நாயின் மயிருக்குள் புகுந்து இரத்தம் குடிக்கும் சிறு பூச்சி தெள்ளு. தெள்ளுப்பூச்சி என்றும் இதனைச் சொல்வர். இதை ஒழிக்க மனிதர் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக மருந்து தேடி வந்ததற்கு எழுத்துச் சான்று உண்டு. பண்ணைக் கழிவு, காட்டுச் செடி, பூப்பொடி, ஆலைப் பொடி, கழுத்துப் பட்டை, மாத்திரை என்று அந்தத் தேடல் நீண்டிருக்கிறது. "கைவைத்தியம் நல்லதா, கடைமருந்து நல்லதா?" என்ற கேள்வி நாய் வளர்க்கும் வீடுகளில் இன்றும் எழுகிறது. வரலாற்றைப் பார்த்தால் இந்த இரண்டுக்கும் இடையே நாம் நினைக்கும் அளவுக்குப் பெரிய சுவர் இல்லை என்பது புலப்படும்.

தெள்ளு வேறு, உண்ணி வேறு

நாயின் மேல் இருக்கும் எந்தப் பூச்சியையும் உண்ணி என்றே சொல்லிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. உண்ணிக்கு எட்டுக் கால்கள். அது சிலந்திக்கு உறவு. தோலைக் கடித்துக்கொண்டு ஒரே இடத்தில் இருந்து உப்பும். தெள்ளுக்கு ஆறு கால்கள், இறக்கை இல்லை. பக்கவாட்டில் தட்டையான உடல் இருப்பதால் மயிர்களுக்கு இடையே எளிதாக ஓடும். பிடிக்கப் போனால் துள்ளிவிடும். நாய்களில் காணப்படும் தெள்ளுகளில் பெரும்பாலானவை பூனைத் தெள்ளு என்ற இனத்தைச் சேர்ந்தவை என்பது வியப்பான செய்தி.

தெள்ளுக்கடி வெறும் அரிப்போடு நிற்பதில்லை. அதன் எச்சில் சில நாய்களுக்கு ஒவ்வாமையாகி, மயிர் கொட்டித் தோல் புண்ணாகும். இளங்குட்டிகளுக்கு இரத்தச் சோகை உண்டாகி உயிருக்கே ஆபத்தாகலாம். கடித்த தெள்ளை நாய் விழுங்கிவிட்டால், அதன் வழியே நாடாப்புழு குடலுக்குள் சேரும். மனித வரலாற்றிலும் தெள்ளுக்கு இடம் உண்டு. எலித் தெள்ளுதான் பிளேக் நோயைப் பரப்புகிறது என்பதை 1898-இல் கராச்சியில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன் சோதனை மூலம் காட்டினார்.

ரோமானியப் பண்ணையில்

கி.பி. முதல் நூற்றாண்டில் வேளாண்மை பற்றி விரிவாக எழுதிய ரோமானியர் கொலுமெல்லா, பண்ணை நாய்களின் பராமரிப்புக்கும் இடம் ஒதுக்கினார். தெள்ளுக்கு அவர் மூன்று வழிகள் சொல்கிறார். சீரகத்தையும் வெராட்ரம் என்னும் செடியையும் சம எடையில் அரைத்து நீரில் கலந்து பூசலாம். ஒருவகை வெள்ளரியின் சாற்றைத் தடவலாம். இவை கிடைக்காவிட்டால், ஒலிவ எண்ணெய் பிழிந்தபின் தங்கும் பழைய கசடை உடல் முழுவதும் ஊற்றலாம்.

இதில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். மூன்றாவது வழி, கைக்கு எட்டிய பொருளை வைத்துச் சமாளிப்பது. எல்லா நாட்டுக் கைவைத்தியமும் பிறந்தது இப்படித்தான். முதல் வழியில் வரும் வெராட்ரமோ கடும் நச்சுச் செடி. ஆகவே "பழங்கால மருந்து தீங்கற்றது" என்ற எண்ணம் தொடக்கத்திலேயே பொய்த்துவிடுகிறது.

அதே நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி, புதினா இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் புதுப்பூவை எரித்தால் அதன் வாசத்துக்குத் தெள்ளு சாகும் என்று எழுதினார. லத்தீனில் தெள்ளுக்கு 'பூலெக்ஸ்' என்று பெயர். அந்தச் செடியின் பெயர் 'பூலேகியும்'. தெள்ளின் பெயரையே தாங்கிய இச்செடியைப் பின்னர் மறுபடி சந்திப்போம்.

உருப்பெருக்கி காட்டிய உண்மை

1665-இல் இராபர்ட் ஹூக் வெளியிட்ட நூலில், நுண்ணோக்கியில் கண்ட தெள்ளின் பெரிய படம் ஒன்று இடம்பெற்றது. கண்ணுக்கு ஒரு புள்ளியாகத் தெரிந்த பூச்சி, கவசமும் முட்களும் கொண்ட உருவமாக மக்கள் முன் நின்றது. சில ஆண்டுகளுக்குப் பின் நெதர்லாந்தின் துணி வணிகர் லேவன்ஹூக், முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்று தெள்ளு வளரும் நிலைகளைப் பார்த்துப் பதிவு செய்தார். தெள்ளு தூசியிலிருந்து தானாக உண்டாகிறது என்ற பழைய நம்பிக்கைக்கு இது பெரிய அடி.

மருந்தின் வரலாற்றில் இது முக்கியமான திருப்பம். ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டைகள் வரை இடும். வழவழப்பான அந்த முட்டைகள் நாயின் மேல் ஒட்டுவதில்லை. அது படுக்குமிடத்தில் உதிர்ந்துவிடும். அங்கே பொரிக்கும் புழுக்கள், பெரிய தெள்ளுகள் கழிக்கும் உலர்ந்த இரத்தத் துகள்களைத் தின்று வளரும். பிறகு தூசி ஒட்டிய கூட்டுக்குள் அடங்கி, தக்க நேரத்துக்காக மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கும். பக்கத்தில் ஓர் உயிர் வந்த அதிர்வும் சூடும் பட்டதும் வெளியே வரும். நாயின் மேல் நாம் காணும் தெள்ளு மொத்தக் கூட்டத்தில் சிறு பகுதிதான். மீதி முழுவதும் கோணிப்பையிலும் பாயிலும் தரை வெடிப்பிலும் இருக்கிறது. நாய்க்கு மட்டும் மருந்து போட்டவர்கள் தோற்றுப்போனதற்குக் காரணம் இதுவே.

பூவும் புகையிலையும்

19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கடைகளில் 'பாரசீகப் பொடி' என்ற பெயரில் ஒரு பூச்சிக்கொல்லி விற்றது. அது சாமந்தி இனத்தைச் சேர்ந்த பைரெத்ரம் செடியின் உலர்ந்த பூக்களைப் பொடித்தது. பின்னர் ஏட்ரியாட்டிக் கடற்கரையின் டால்மேஷியா, அடுத்து ஜப்பான், அதன்பின் கென்யா என்று இதன் சாகுபடி இடம் மாறிக்கொண்டே போனது. நாய் மேல் தூவுவதற்கும் இப்பொடி பயன்பட்டது. தெள்ளின் நரம்புகளை உடனே தாக்கும். வெயில் பட்டால் விரைவில் வீரியம் இழக்கும். சுவிட்சர்லாந்தில் ஆய்வு செய்த ஸ்டாடிங்கர், ருசீச்கா இருவரும் இப்பூவின் வேதியியல் அமைப்பு பற்றிய முடிவுகளை 1924-இல் வெளியிட்டனர். அதே அமைப்பைப் பின்பற்றி, வெயிலைத் தாங்கும் பெர்மெத்ரின் என்ற செயற்கைப் பொருளை 1973-இல் இங்கிலாந்தின் மைக்கேல் எலியட் குழுவினர் உருவாக்கினர்.

புகையிலையின் கதையும் இதைப் போன்றதே. புகையிலையை ஊறவைத்த நீரால் கால்நடைகளைக் கழுவும் பழக்கம் முன்பு பல நாடுகளில் இருந்தது. பூச்சியைக் கொன்றது அதிலுள்ள நிகோட்டின். இன்று நாயின் பிடரியில் விடும் சொட்டு மருந்துகளில் ஒன்றான இமிடாகுளோபிரிட், பூச்சியின் நரம்பில் நிகோட்டின் தாக்கும் அதே இடத்தைத்தான் தாக்குகிறது. கடைமருந்தின் பாட்டி கைவைத்தியம் என்று சொன்னால் தவறில்லை.

பொடிகளின் காலம்

1939-இல் டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லும் திறனைக் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்து பி.எச்.சி. பொடி பரவியது. இந்தியாவில் வயலுக்கும் வீட்டுக்கும் அது மலிவாகக் கிடைத்தது. 1997-இல்தான் இந்திய அரசு அதைத் தடை செய்தது.

என் சிறுவயதில் எங்கள் வீட்டில் ஒரு குட்டி இருந்தது. அதன் உடம்பெல்லாம் தெள்ளு. எறும்புக்குத் தூவ வைத்திருந்த வெள்ளைப் பொடியை எடுத்து, பெரியவர்கள் அதன் முதுகில் அள்ளித் தேய்த்தார்கள். குட்டி தன்னையே நக்கிக்கொண்டது. இரவில் வலிப்பு கண்டு, விடிவதற்குள் இறந்துபோனது. தெள்ளு முற்றிப்போய்விட்டது என்றே எல்லோரும் நம்பினோம். ஆசிரியப் பயிற்சியெல்லாம் முடித்த பிறகு, பூச்சிமருந்துகளைப் பற்றிப் படித்தபோதுதான் உண்மை உறைத்தது. கடையில் வாங்கிய நஞ்சை, அளவு தெரியாமல், கைவைத்தியம் போலக் கையாண்டிருக்கிறோம்.

பட்டையும் சொட்டும் மாத்திரையும்

1960-களில் டைகுளோர்வாஸ் கலந்த தெள்ளுப் பட்டைகள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. 1990-களில் பெரும் மாற்றம் நிகழ்ந்தது. லூஃபெனூரான் என்ற மருந்து பூச்சியைக் கொல்லாமல் அதன் முட்டைகள் பொரியாதபடி செய்தது. ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட் ஆகியவை மாதம் ஒருமுறை தோலில் இடும் மருந்துகளாக வந்தன. அமெரிக்காவில் 2013-இல் அஃபாக்சோலனர், 2014-இல் ஃப்ளூராலனர் என்ற விழுங்கும் மருந்துகள் ஒப்புதல் பெற்றன. மாதக்கணக்கில் தொடர்ந்து வேலை செய்வதால், கூட்டிலிருந்து புதிதாக வரும் தெள்ளுகளும் முட்டையிடும் முன்பே மடிகின்றன. லேவன்ஹூக் கண்ட சுழற்சி இங்கேதான் அறுந்தது.

இரு தரப்பின் குற்றங்கள்

கைவைத்தியத்தை முதலில் பார்ப்போம். பிளினி புகழ்ந்த பூலேகியும் செடியின் எண்ணெயைத் தெள்ளுக்காகப் பூசிய ஒரு நாய், கல்லீரல் சிதைந்து இரண்டு நாளில் இறந்தது. அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழ் ஒன்றில் 1992-இல் இது பதிவானது. பூவை எரிப்பது வேறு; எண்ணெயாக வடித்து உடலில் ஊற்றுவது வேறு. உணவில் ஈஸ்ட் கலந்தால் தெள்ளு அண்டாது என்ற நம்பிக்கை 1983-இல் வெளியான சோதனையில் பொய்த்தது. பூண்டும் வெங்காயமும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மண்ணெண்ணெய் தோலை எரிக்கும். நக்கினால் நுரையீரலைக் கெடுக்கும். நம் வீடுகளில் பேனுக்குப் பயன்படுத்தும் சீத்தாப்பழ விதைப்பொடி கண்ணில் பட்டால் கடும் புண் உண்டாகும். வேம்பில் பூச்சியின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள் உண்டு என்பது மெய்தான். ஆனால் வீட்டில் அரைக்கும் வேப்பிலையில் அது எவ்வளவு இருக்கும் என்பதை அளந்து சொல்ல முடியாது.

கடைமருந்தும் குற்றமற்றதன்று. நாய்க்குப் பாதுகாப்பான பெர்மெத்ரின் பூனையைக் கொல்லக்கூடியது. சொட்டு மருந்துகளால் பாதிப்பு ஏற்பட்டதாகப் புகார்கள் பெருகியதால், 2009-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அவற்றைக் கூடுதல் ஆய்வுக்கு உட்படுத்தியது. விழுங்கும் மருந்துகளால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று 2018-இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. இங்கிலாந்தின் 20 ஆறுகளில் எடுத்த நீர் மாதிரிகளில் 98 விழுக்காட்டில் ஃபிப்ரோனில் இருந்ததாக 2020-இல் ஓர் ஆய்வு கூறியது. நாயைக் குளிப்பாட்டிய நீர் வழியாக அது ஆற்றில் சேர்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

வரலாறு கற்பிப்பது

மருந்து எங்கிருந்து வந்தது என்று கேட்பதைவிட, எந்த உயிருக்கு, எந்த எடைக்கு, எவ்வளவு என்று கேட்பதே பயன் தரும். அந்த விவரம் மருந்து உறையில் அச்சாகி இருப்பதும், தவறு நேர்ந்தால் புகார் செய்ய ஓர் அமைப்பு இருப்பதும் கடைமருந்தின் உண்மையான பலம். குட்டி, சினைநாய், வலிப்பு உள்ள நாய் ஆகியவற்றுக்குக் கால்நடை மருத்துவரைக் கேட்டபின்பே எதையும் தர வேண்டும்.

கைவைத்தியத்தில் காலத்தை வென்று நிற்பவை மூன்று: நெருக்கமான பற்கள் கொண்ட சீப்பால் சீவுதல், நாயின் படுக்கைத் துணியை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்தல், அது படுக்குமிடத்தைத் தினமும் பெருக்குதல். சீவும்போது விழும் கருந்துகளை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் எச்சம்; நாயின் இரத்தம். அன்று எங்கள் வீட்டுக் குட்டிக்கு முதலில் தேவைப்பட்டது ஒரு சீப்பும் ஒரு துடைப்பமும்தான்.