நியோஷோ எனும் எண்ணெய்க் கப்பல்



கடற்போர் என்றதும் பீரங்கிக் கப்பல்களும் விமானந்தாங்கிக் கப்பல்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றிற்கு நடுக்கடலில் எண்ணெய் வழங்கும் கப்பலை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அத்தகைய கப்பல் ஒன்றின் வரலாற்றை இன்று காண்போம்.

அதன் பெயர் நியோஷோ. 1939ஆம் ஆண்டு அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தது. போர்க்கப்பலின் பக்கத்திலேயே, ஒரே திசையில், ஒரே வேகத்தில் சென்றவாறு குழாய் வழியாக எண்ணெய் ஊட்டுவது அதன் பணி.

1941 டிசம்பர் 7ஆம் நாள் பேர்ல் ஹார்பர் துறைமுகத்தை ஜப்பானிய விமானங்கள் தாக்கின. அவ்வேளை நியோஷோ பெரும் போர்க்கப்பல்களின் அருகே நின்றது. விமானப் பெட்ரோல் சுமந்து வந்த கப்பல் அது. தீப்பற்றினால் அண்டையிலிருந்த கப்பல்களுக்கும் பேராபத்து. தலைவர் ஜான் பிலிப்ஸ் குண்டுமழைக்கிடையே கப்பலை அங்கிருந்து அகற்றிக் காத்தார்.

ஐந்து மாதங்கள் கழிந்தன. நியூகினித் தீவிலுள்ள போர்ட் மோர்ஸ்பியைக் கைப்பற்ற ஜப்பானியர் பவளக் கடலில் முன்னேறினர். 1942 மே 6ஆம் நாள், விமானந்தாங்கிக் கப்பலான யார்க்டவுனுக்கு எண்ணெய் ஊட்டிய பின், நியோஷோ போர்க்களத்தை விட்டு விலகிச் சென்றது. சிம்ஸ் என்னும் நாசகாரிக் கப்பல் துணைக்குச் சென்றது.

மறுநாள் காலை ஜப்பானிய வேவு விமானம் ஒன்று இவ்விரண்டையும் விமானந்தாங்கிக் கப்பலென்றும் குரூசரென்றும் தவறாக அறிவித்தது. உடனே 78 விமானங்கள் புறப்பட்டன. உண்மை தெரிந்த பின்னரும் 36 விமானங்கள் தாக்கின. சிம்ஸ் மூழ்கியது. நியோஷோவை ஏழு குண்டுகள் தாக்கின. ஆனால் ஜப்பானியரின் கவனம் இங்கே இருந்தபோது, அமெரிக்க விமானங்கள் ஷோஹோ என்னும் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. இறுதியில் போர்ட் மோர்ஸ்பிப் படையெடுப்பும் கைவிடப்பட்டது.

எண்ணெய் குறைந்திருந்த தொட்டிகள் நியோஷோவை மிதக்க வைத்தன. ஆஸ்கார் பீட்டர்சன் என்ற மாலுமி, உடல் கருகிய நிலையிலும் நீராவி வால்வுகளை மூடினார். அக்காயங்களாலேயே உயிர் துறந்தார். தவறான இடக்குறிப்பு அனுப்பப்பட்டதால் மீட்பு தாமதமானது. மே 11ஆம் நாள் ஹென்லி என்னும் கப்பல் 123 பேரை மீட்டு, நியோஷோவை மூழ்கடித்தது. மிதவைகளில் கடலில் சிதறிப்போன 68 பேரில் நால்வர் மட்டுமே பின்னர் உயிருடன் கண்டெடுக்கப்பட்டனர்.

நேயர்களே, போரில் நேரே மோதுவோர் பெயர் பெறுகின்றனர். அவர்களுக்கு ஊட்டியோரும் அதே கடலில்தான் மாண்டனர். பின்னர் கட்டப்பட்ட மற்றோர் எண்ணெய்க் கப்பலுக்கு அமெரிக்கக் கடற்படை நியோஷோ என்ற பெயரையே சூட்டியது.