வெள்ளையிலே எத்தனை வெள்ளை!



முன்னறைக்குப் பெயிண்ட் அடிக்க ஐவரி, க்ரீம் என்று இரண்டு நிற அட்டைகள் வந்தன. "ரெண்டும் ஒண்ணுதானே மாமா" என்றாள் மருமகள். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. நடுவில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தேன். ஒன்று மஞ்சளாகவும் மற்றது சற்றுச் சிவந்தும் தெரிந்தன. தூய வெள்ளை பக்கத்தில் இருந்தால்தான் மங்கல் வெள்ளை புலப்படும். சுவருக்கு அந்தத் தூய வெள்ளை கிடைத்து ஏறக்குறைய நூறு ஆண்டுகள்தான் ஆகின்றன.

நம் ஊரில் பொங்கலுக்கு முன் சுண்ணாம்பை நீற்றி, கொஞ்சம் நீலம் கலந்து அடிப்போம். மஞ்சள் சாயலை மறைக்கத்தான் அந்த நீலம். ஐரோப்பாவில் ஈய வெள்ளையை எண்ணெயில் குழைத்து அடித்தார்கள். வீட்டுக்குள் நாளாக நாளாக அது மஞ்சளாகிவிடும். அதைவிடக் கொடுமை, அது நஞ்சு. அடித்தவர்களுக்குத் தீராத வயிற்றுவலி வந்தது. மணிக்கட்டு செயலிழந்து தொங்கியது. பாரிஸில் லெக்ளேர் என்ற பெயிண்ட் ஒப்பந்ததாரர் 1840களில் துத்தநாக வெள்ளைக்கு மாறினார். 1921இல் ஜெனீவாவில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, கட்டடங்களின் உட்புறத்தில் ஈய வெள்ளையைத் தடுக்க உடன்படிக்கை செய்தது.

இதற்கிடையே, 1916ஐ ஒட்டி நார்வேயிலும் அமெரிக்காவிலும் டைட்டானியம் வெள்ளை ஆலைகளில் தயாராகத் தொடங்கியது. நஞ்சில்லை, பளிச்சென்ற வெண்மை. அதன் மூலப்பொருள்களில் ஒன்றான இல்மனைட், நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடக்கும் கருமணல்! கருமணலிலிருந்து வெள்ளை பிறக்கிறது. இன்றைய ஐவரி, க்ரீம் எல்லாம் அந்த வெள்ளையில் சிறிது மஞ்சள், சிவப்பு, கறுப்புச் சாயங்களைக் கலந்து செய்பவையே.

இதை ஏன் எழுதுகிறேன்? நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2016இல்தான் வந்தது. எங்கள் ஜன்னல்களில் இருப்பதோ அதற்கு முந்தைய எண்ணெய்ப் பெயிண்ட். பெயிண்டர் உப்புத்தாளை எடுத்து வறட்டு வறட்டென்று தேய்க்க ஆரம்பித்தார். கீழே பேத்தி தவழ்ந்துகொண்டிருந்தாள். தூக்கிக்கொண்டு ஓடினேன். பிறகு தண்ணீர் தெளித்துத் தேய்க்கச் சொல்லி, தரையை ஈரத் துணியால் இரண்டு முறை துடைத்தோம். பழைய வீட்டில் இருப்பவர்கள் இதை மறக்காதீர்கள்.

நிறத்துக்கு வருவோம். அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டையும் சுவரில் இரண்டடி அகலம் அடித்துக் காலையிலும், மாலையிலும், டியூப்லைட் வெளிச்சத்திலும் பாருங்கள். நாங்கள் ஐவரி எடுத்தோம். இப்போது மருமகளே சொல்கிறாள்: "ரெண்டும் வேற வேறதான் மாமா!"

உங்கள் வீட்டுச் சுவரில் என்ன வெள்ளை? எழுதுங்கள்.