7 மில்லிமீட்டர் தோட்டாவின் கதை



பெரிய தோட்டா தொலைதூரம் வலுவோடு பாயும். ஆனால் எடை கூடும், தோளை உதைக்கும், தொடர்ந்து சுட்டால் குறி தவறும். சிறிய தோட்டாவை நிறையச் சுமக்கலாம். தொலைவில் வலு குறையும்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிரிட்டன் நடுவழி ஒன்றைத் தேடியது. இ.எம்.2 என்ற துப்பாக்கியில் மேகசினை விசைக்குப் பின்னால் வைத்தார்கள். அதனால் குழலைக் குட்டையாக்காமலே மொத்த நீளம் சுமார் 89 சென்டிமீட்டரில் அடங்கியது. பழைய லீ என்ஃபீல்டு 1 மீட்டருக்கும் மேல். புதிய தோட்டாவின் விட்டம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர்.

1951இல் அட்லி அரசு அதை ஏற்றது. அமெரிக்காவோ 7.62ஐ விட்டுக்கொடுக்கவில்லை. அதே ஆண்டு மீண்டும் பிரதமரான சர்ச்சில், நேச நாடுகளுக்கு ஒரே தோட்டா வேண்டும் என்று இ.எம்.2ஐக் கைவிட்டார். 1954இல் 7.62 நேட்டோவின் பொதுத் தோட்டாவானது.

பிறகு வியட்நாமில், 7.62 போட்ட எம்14ஐத் தொடர்ந்து சுட்டால் கைக்கு அடங்கவில்லை. அமெரிக்காவே 5.56க்கு மாறியது, 1980இல் நேட்டோவும் அதை ஏற்றது.

எல்லா நாட்டுக்கும் ஒரே தோட்டா என்பது போர்க்காலத்தில் பெரிய வசதி. சர்ச்சில் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த ஒற்றுமைக்கான விலையைக் கொடுத்தவர், அதிக எடையைச் சுமந்து நடந்த சாதாரணச் சிப்பாய். வரலாறு படிக்கும்போது கையெழுத்திட்டவரோடு அவரையும் நினையுங்கள்.