பழைய வீட்டை விற்பவர் எதையெல்லாம் சொல்ல வேண்டும்?

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் பல வீடுகளின் கீழ்த்தளம் நீரில் மூழ்கியது. புதுச் சாயம் பூசி, தரைக்கற்களையும் மாற்றிவிட்டால் அத்தகைய வீட்டில் நீர் ஏறிய தடமே தெரியாது. ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து வீடு வாங்க வருபவரிடம் விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டுமா?

கேட்காதவரை பெரும்பாலும் கட்டாயமில்லை. மேம்பாட்டாளரிடம் வாங்கும் புதிய வீட்டுக்கு 24 மாதக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் உண்டு. தனியாரிடம் வாங்கும் பழைய வீட்டுக்கு அது கிடையாது. இருக்கும் நிலையிலேயே வாங்குவதாகத்தான் வழக்கமாக ஒப்பந்தம் எழுதப்படுகிறது. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவும், பேச வேண்டிய கடமை இருந்தாலன்றி, வெறும் மௌனத்தை மோசடியாகக் கருதுவதில்லை.

ஆனால், தெரிந்தே பொய் சொல்வதும் உண்மையை மூடி மறைப்பதும் அதே பிரிவின்படி மோசடிதான். "இங்கே தண்ணீர் ஏறியதே இல்லை" என்ற பேச்சை நம்பி வாங்கியவர், அது பொய் என நிரூபித்தால், 19ஆவது பிரிவின் கீழ் ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கோரலாம். எனவே வெள்ளம், கூரைக் கசிவு, கரையான், சுவர் வெடிப்பு பற்றி எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்க வேண்டும். வாட்சாப் பதிலையும் சான்றாகக் காட்டலாம். சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற நிலையில் சட்டம் கைகொடுக்காமலும் போகலாம். அக்கம்பக்கத்தாரிடம் விசாரிப்பதற்குச் செலவில்லை.

நம்மவர் பலரின் வீடுகளில் பின்புறச் சமையலறையை நீட்டிக் கட்டியிருப்பார்கள். நகராண்மைக் கழக அனுமதி இல்லாமல் கட்டியிருந்தால், இடிக்கச் சொல்லும் உத்தரவு பிறகு புதிய உரிமையாளருக்கு வரக்கூடும். விற்பவர் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் விலை கொஞ்சம் இறங்கலாம். வழக்குக்குப் போவதைவிட அது மேல்.

குத்தகைக் காலம், வங்கி அடமானம், நிலப்பட்டாவில் உள்ள கட்டுப்பாடு ஆகியவற்றை மறைத்துப் பயனில்லை. வழக்கறிஞர் நில அலுவலகத்தில் தேடும்போது தெரிந்துவிடும். பல மலிவு விலை வீடுகளை மாநில அரசின் ஒப்புதலின்றிக் கைமாற்ற முடியாது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைக் கேட்க வேண்டும்.

நிலவரி, மதிப்பீட்டு வரி, இண்டா வாட்டர் ரசீதுகளை விற்பவர் காட்ட வேண்டும். அடுக்குமாடி வீடாக இருந்தால், பராமரிப்புக் கட்டணத்தில் பாக்கி எவ்வளவு என நிர்வாகத்திடம் கடிதம் வாங்குவது அவசியம். வீட்டில் வாடகைக்காரர் இருந்தால் அவர் எந்தத் தேதியில் காலி செய்வார் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.