பிரெஞ்சுத் திராட்சையின் அமெரிக்க வேர்

திராட்சை மதுவின் சரித்திரம் எழுதப் புகுந்தோர் பலரும் ரசத்தையும் மிடாவையும் நிலவறையையும் விஸ்தாரமாக வருணித்துவிட்டு, மண்ணுக்குள் கிடக்கும் வேரை மறந்துபோகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சு தேசம் தன் மதுத் தொழிலை அநேகமாக இழந்ததும், இழந்ததை மீட்டதும் அந்த வேரிலேதான்.

1860-களின் தொடக்கத்தில், ரோன் நதியின் கீழ்ப்பிரதேசத்துத் தோட்டங்களில், காரணம் புலப்படாமல் கொடிகள் நலியலாயின. இலை மஞ்சளித்து, காய் முதிராமல் வதங்கி, ஓரிரண்டு ஆண்டுகளில் கொடி பட்டுப்போகும். அதைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்கோ கறுத்து அழுகிய வேரைத் தவிர வேறொன்றும் தென்படவில்லை. 1868 ஜூலையில், மோன்பெல்லியே நகரத்துத் தாவரவியற் பேராசிரியர் பிளான்ஷோனும் அவருடன் சென்ற இருவரும், பட்ட கொடியை விட்டு அதன் அண்டையில் இன்னும் பசுமையாய் நின்ற கொடியைத் தோண்டி, பூதக்கண்ணாடி வைத்து நோக்கியபோது, மஞ்சள் நிறமான நுண்ணிய பேன்கள் வேர் முழுவதும் அப்பியிருக்கக் கண்டார்கள். செத்த வேரில் உணவு தீர்ந்ததும் அவை அடுத்த கொடிக்குக் குடிபெயர்ந்துவிடும். அதனாலேயே அதுவரை ஒருவர் கண்ணிலும் அகப்படவில்லை. ஃபில்லாக்சரா என்பது அப்பூச்சிக்கு வழங்கும் பெயர்.

கண்டது போதவில்லை. நலிந்த கொடியில் பூச்சி வந்து ஏறுகிறதேயன்றி, பூச்சியால் கொடி நலியவில்லை என்று பாரிசு நகரத்து வித்வான்களில் பலர் ஆண்டுக்கணக்கில் வாதித்தார்கள். மிசூரி மாகாணத்துப் பூச்சியியல் அறிஞர் சார்லஸ் ரைலி, இது அமெரிக்கக் காட்டுத் திராட்சையில் வாழும் பூச்சியே என்று நிறுவினார். அமெரிக்கக் கொடிகள் அதற்கு முன்பும் ஐரோப்பாவுக்கு வந்ததுண்டு. நீராவிக் கப்பல் கடற்பயணத்தைச் சுருக்கிய பிறகே பூச்சி உயிரோடு கரையேறியது என்னும் கருத்து எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

1875-இல் ஏறத்தாழ 8.4 கோடி ஹெக்டோலிட்டராக இருந்த பிரெஞ்சு மது உற்பத்தி, 1889-இல் அதில் மூன்றிலொரு பங்குக்கும் கீழே இறங்கியது. பரிகாரம் காண்போருக்கு 3,00,000 பிராங்கு என்று அரசாங்கம் 1874-இல் அறிவித்த பரிசு ஒருவருக்கும் வழங்கப்படவில்லை. கார்பன் டைசல்ஃபைடு என்னும் நாற்றமும் தீப்பற்றும் குணமும் உடைய திரவத்தை மண்ணுக்குள் குத்திச் செலுத்தினார்கள். தாழ்ந்த நிலமுடையோர் குளிர்காலத்தில் நாற்பது நாள்போலத் தோட்டத்தை நீரில் மூழ்கடித்தார்கள். இரண்டும் செல்வர்க்கும் ஆற்றோரத்தார்க்குமே இயன்றவை.

எளியவனுக்கு இயன்றது ஒட்டு. அமெரிக்கக் கொடியின் வேரைப் பூச்சி கடித்தால், கடிவாயைச் சுற்றித் தக்கைபோன்ற படலம் எழுந்து அழுகலைத் தடுத்துவிடும். ஐரோப்பியக் கொடிக்கு அந்தச் சக்தி இல்லை. ஆகவே அமெரிக்கக் கொடியைத் தரையளவில் வெட்டி, அதன் நடுவே பிளந்து, ஆப்புப்போல் இருபுறமும் சீவிய பிரெஞ்சுக் குச்சியைப் பட்டையோடு பட்டை பொருந்தச் செருகி, நாரால் கட்டி மண் அணைத்தார்கள். வேர் அந்நியம், கனி சுதேசம். அமெரிக்கப் பழத்தின் ஒருவகை மணம் இதனால் மதுவிலும் ஏறிவிடும் என்று குலப்பெருமை பேசியவர்கள் அஞ்சினார்கள், அவ்விதம் ஏறவில்லை. பர்கண்டியில் 1887 வரை ஒட்டுக்கொடிக்குத் தடையே இருந்தது. நோயைவிடப் பிடிவாதத்துக்கே அதிகத் தோட்டங்கள் பலியாயின என்பது என் துணிபு.

சுண்ணாம்பு மண்ணிலோ அந்த அமெரிக்க வேர்களும் சோகை கொண்டு வெளுத்தன. 1887-இல் அமெரிக்கா சென்ற பியேர் வியாலா என்னும் பிரெஞ்சு அறிஞர், டெக்சாசில் தாமஸ் மன்சன் என்பவரின் துணையால், சுண்ணாம்பைத் தாங்கும் பெர்லண்டியேரி இனத்தை அறிந்து திரும்பினார். மன்சனுக்குப் பிரெஞ்சு அரசு விருதளித்தது. அந்த இனத்தைக் கலந்து மியார்தே என்னும் பிரெஞ்சு அறிஞர் தோற்றுவித்த வேர்வகை, ஷாம்பேன் பிரதேசத்தில் பெரிதும் பயன்பட்டது. நம் மலைத் தோட்டக்காரர்கள் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிக்கும் போர்டோ கலவையை ஆராய்ந்து உலகறியச் செய்தவரும் அந்த மியார்தேயே. அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்த வேறொரு திராட்சை நோய்க்கு மாற்றாகவே பிறந்தது.

மறுநடவில் எல்லாக் கொடிகளும் மீளவில்லை. காய் சரிவரப் பிடிக்காத கார்மெனேர் என்னும் திராட்சை வகையைப் போர்தோ குடியானவர்கள் கைவிட்டார்கள். பூச்சி பரவுமுன்பே அங்கிருந்து சிலி நாட்டுக்குச் சென்ற கொடிகளிலோ அது மெர்லோ என்னும் வேறொரு வகையோடு அதன் பெயராலேயே கலந்து வளர்ந்துகொண்டிருக்க, 1994-இல் மோன்பெல்லியேயிலிருந்து சென்ற பூர்சிகோ என்னும் அறிஞர் அதை அடையாளம் கண்டார். அந்நாட்டுக்குள் ஃபில்லாக்சரா இன்றளவும் நுழையவில்லை.