வண்ணக் காகிதக்கூழ் ஓவியம்

வண்ணக் காகிதக்கூழ் ஓவியம் என்பது, கைக்காகிதம் ஈரமாக இருக்கும்போதே நிறமேற்றிய கூழை ஸ்டென்சில் வழியே அதன்மேல் இட்டு, உருவத்தையும் தாளையும் ஒரே உடலாக்கும் கலைமுறை. மையோ பசையோ இதில் இல்லை. அழுத்தத்தில் நெருங்கிய செல்லுலோஸ் இழைகள் காயும்போது ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. பிறகு உருவத்தைச் சுரண்டினால் தாளும் சேர்ந்தே பெயரும்.

அடித்தாளுக்குப் பெரும்பாலும் பருத்திக் கூழ். கம்பிவலைச் சட்டத்தால் அதை அள்ளி, நீர் வடிந்ததும் ஈரக் கம்பளித் துணிமேல் கவிழ்ப்பார்கள். படத்துக்கான கூழ் வேறு. பருத்தியையோ, வாழை இனத்து நாரான அபாகாவையோ மணிக்கணக்கில் அரைத்து, கூழை ஊற்றும் குழாயின் முனையில் அடைக்காதபடி நைசாக்க வேண்டும். இழையும் நிறமியும் இரண்டுமே எதிர்மின்னேற்றம் கொண்டவை என்பதால் தாமாக ஒட்டுவதில்லை. நேர்மின்னேற்றமுள்ள துணைப்பொருள் ஒன்று நடுவில் நின்று அவற்றைச் சேர்க்கிறது. இழைகள் திரளாமலும் நீர் மெதுவாக வடியவும் ஜப்பானியர் தொரொரோ அஓய் செடியின் வேர்ச்சாற்றைக் கலப்பார்கள். அது வெண்டைக்கு நெருங்கிய உறவு. வழவழப்பும் அதே வழவழப்புதான்.

ஸ்டென்சிலை ஈரத்தாளின்மேல் வைத்துத் திறப்புகளில் கூழை ஊற்றுவது ஒரு வழி. வலைச் சட்டத்தின்மேலேயே வைத்து, திறந்த இடங்களில் மட்டும் கூழைப் படியவிட்டு, அடித்தாள்மீது கவிழ்ப்பது இன்னொன்று. இரண்டாவதில் படம் இடவலமாக மாறிவிடும் என்பதால் எழுத்துகளைத் திருப்பி வெட்ட வேண்டும். பிளாஸ்டிக் தகடு, நுரைத்தகடு, தையற்காரர் காலருக்குள் வைக்கும் விறைப்புத் துணி எல்லாம் ஸ்டென்சிலாகும். எதை வைத்தாலும் ஓரத்தின் அடியில் நீர் கொஞ்சம் புகுந்து இழைகளை இழுத்துச் செல்லும். திரை அச்சின் கூர்மை இங்கே கிடைக்காது. அந்தக் கசிவோடு போராடியவர்களைவிட, அதற்கு இடம் கொடுத்தவர்களே இக்கலையில் நல்ல படைப்புகளைத் தந்திருக்கிறார்கள்.

ஸ்டென்சில் இல்லாமல் வண்ண இழையை மட்டும் கொண்டு உருவாக்கிய மேகத்தாள்கள் ஜப்பானில் ஹெயான் காலத்திலேயே இருந்தன. ஐரோப்பாவில் கூழ் ஓவியத்தின் முன்னோடி கலைஞரல்லர், ராணுவப் பொறியாளர்: மைசூர் ராக்கெட்டுகளைப் பார்த்து ஆங்கிலேய ராக்கெட்டை உருவாக்கிய வில்லியம் காங்க்ரீவ். கள்ளநோட்டைத் தடுக்க, இரண்டு மெல்லிய வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வண்ணக்கூழ் வடிவத்தை அடக்கும் முறைக்கு அவர் 1819இல் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்து வங்கி அதை ஏற்கவில்லை.

கலையுலகில் கூழ் ஓவியம் வேரூன்றியது 1970களின் அமெரிக்காவில்; பெரும்பங்கு அச்சுக்கலைஞர் கென்னத் டைலருடையது. அவருடன் ஓவியர் எல்ஸ்வொர்த் கெல்லி 1976இல் எளிய வண்ண வடிவங்களைக் கூழில் செய்தார். அவற்றைப் பார்த்த ஓவியர் டேவிட் ஹாக்னி, 1978 ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை நியூயார்க் மாநிலத்தில் டைலரின் பட்டறையில் தங்கி, அவருடைய நீச்சல்குளத்தையே பொருளாகக் கொண்டு ‘பேப்பர் பூல்ஸ்’ வரிசையின் 29 படைப்புகளை உருவாக்கினார். வடிவத்துக்கு வளைத்த உலோகப் பட்டைகளை ஈரத்தாளில் நிறுத்தி, உள்ளே வண்ணக்கூழை ஊற்றி, பட்டைகளை எடுத்துவிடுவார். பிறகு கரண்டி, தூரிகை, தண்ணீர்க் குழாய் என்று கைக்குக் கிடைத்ததைக் கொண்டு எல்லைகளைக் கலைப்பார். நீரைக் காட்ட நீராலேயே ஆன ஊடகம் அமைந்ததுதான் இவ்வரிசையின் வெற்றி. வரிசையில் ஒன்றான ‘லெ ப்ளோஞ்சர்’ 12 தாள்களைச் சேர்த்து உருவானது. ஹாக்னி பிறந்த பிராட்ஃபோர்டு நகரின் அருங்காட்சியகத் தொகுப்பில் இருக்கிறது.

அமெரிக்க ஓவியர் சக் க்ளோஸ் ஹாக்னிக்கு நேரெதிர். 1980களின் தொடக்கத்தில் காகிதக் கலைஞர் ஜோ வில்ஃபருடன் சேர்ந்து, குழல்விளக்கை மூடும் பிளாஸ்டிக் சதுரவலையையே ஸ்டென்சிலாக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் வெவ்வேறு சாம்பல் நிறக் கூழை நிரப்பி மனித முகங்களை எழுப்பினார்.

இந்தியாவில் சிற்பி சோமநாத் ஹோர் 1970களில் செய்த ‘காயங்கள்’ வரிசையையும் இதற்குப் பக்கத்தில் வைக்கலாம். கீறிய பரப்பிலிருந்து சிமென்ட் அச்சு எடுத்து அதில் வெள்ளைக் கூழை அழுத்தினார். ஸ்டென்சில் இல்லை, பெரும்பாலும் வண்ணமும் இல்லை. ஆசியாவின் இன்னொரு பக்கம், டைலரின் பெயர் தாங்கி 2002இல் சிங்கப்பூரில் தொடங்கிய அச்சுக்கலை நிறுவனத்துக்குள் காகிதப் பட்டறையும் உண்டு. ஆசியக் கலைஞர்கள் பலர் கூழில் கைவைத்தது அங்கேதான்.